மருத்துவிச்சியின் கை

(இணையவழி இலக்கியச் சந்திப்பொன்றில் வென்ட்வேர்த்வில்லில் இருந்து நேரலையாக நிகழ்த்திய உரையின் கட்டுரை வடிவம்)

கனடாவில் விடியமுன்னரே எழும்பி இருப்பவர்களுக்கும், லண்டனில் காலைத் தேநீரோடு இருப்பவர்களுக்கும், இங்கே சிட்னியில் இரவுச் சமையலைத் தள்ளி வைத்துவிட்டு வந்தவர்களுக்கும் நன்றி. நாவல், கவிதை என்று பேசுகிற இந்த மேடையில் நான் இன்று எண்ணெய் தேய்ப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். பிள்ளை பெற்றவளுக்கு, அதிலும் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவளுக்கு, யார் எண்ணெய் தேய்த்தார்கள், யார் தேய்க்காமல் போனார்கள் என்ற கதை. இதுவும் சரித்திரம்தான்.

எங்கள் வென்ட்வேர்த்வில்லில் டன்மோர் வீதிப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. அதன் கண்ணாடிக் கதவில் ஒரு விளம்பரத் துண்டு ஒட்டியிருந்தது. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்க வார்ப்போம், சிசேரியன் தாய்மாருக்கும் செய்வோம், மணித்தியாலத்துக்கு இவ்வளவு டொலர் என்று எழுதியிருந்தது. கையில் முருங்கைக்காய்ப் பையோடு அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அம்மம்மா வீட்டில் இந்த வேலைக்கு வந்தவர் பின்வாசலால் வந்து பின்வாசலால் போனவர். இங்கே அதே வேலை முன்கதவில் விலையோடு நிற்கிறது. இடையில் என்ன நடந்தது?

முதலில் இந்த ஊரின் பெயரைப் பார்ப்போம். வென்ட்வேர்த்வில் ஒரு வைத்தியரின் பெயரால் வந்த ஊர். டார்சி வென்ட்வேர்த் 1790இல் கப்பலில் வந்து இறங்கியவர்; பிறகு இந்தக் காலனியின் முதன்மைச் சத்திரசிகிச்சையாளராக இருந்தார். சிட்னியில் சாராய இறக்குமதி உரிமையைக் கூலியாகப் பெற்று ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்த மூவரில் ஒருவர். 1810இல் ஆளுநர் மக்குவாரி இந்தப் பக்கத்தில் அவருக்கு நிலம் வழங்கினார். வழங்கப்பட்ட நிலம் தருக் மக்களுடையது. பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் இலைதழையின் புகை காட்டுவது இந்த நாட்டின் பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில் இருந்த, இன்றும் சில இடங்களில் தொடரும் வழக்கம். வேதுத் தண்ணியும் சாம்பிராணிப் புகையும் கண்ட எங்களுக்கு அதை விளங்கிக்கொள்ள அகராதி தேவையில்லை. கத்தி பிடித்தவரின் பெயர் ஊருக்கு நின்றது. புகை காட்டிய பெண்களின் பெயர் எந்தத் தெருவுக்கும் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதையில் கொஞ்சம்.

என் மகள் 1996 ஜனவரியில் பிறந்தாள். சீசர் செய்துதான் எடுத்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்னர், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணம் முழுக்க எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தச் சனத்துக்குள் என் அம்மாவும் இருந்தார். பேறுகாலத்துக்கு வருவதாக எனக்குச் சொல்லியிருந்தவர். நல்லெண்ணெயும் சரக்கும் கட்டி வைத்திருந்த பையை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்தாராம். என்னென்ன செய்ய வேண்டும், எதை எந்த நாளில் சாப்பிட வேண்டும் என்று அவர் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு ஐந்து மாதம்.

ஆஸ்பத்திரியில் என்னை நன்றாகவே பார்த்தார்கள். காயத்தைப் பார்த்தார்கள், காய்ச்சலைப் பார்த்தார்கள், நடக்கச் சொன்னார்கள், நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் என் கணவர் சோறு வைத்தார், துணி தோய்த்தார். ஆனால் பிள்ளை பெற்றவளை எப்படித் தொடுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஷவருக்குக் கீழே தனியே நின்று, குனிந்து என் கால்களை நானே கழுவ முடியாமல் அழுதது நினைவிருக்கிறது. தழும்பை நான் தொடவே இல்லை. பல வருடம் தொடவில்லை. தொட்டால் ஏதோ அவிழ்ந்துவிடும் என்ற பயம்.

அம்மாவின் காலத்தில் இந்தத் தனிமை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற வீட்டை எங்களில் மூத்தவர்கள் கண்டிருப்பீர்கள். 31 நாள் துடக்கு. நொச்சி, ஆடாதோடை, பாவட்டை, வேப்பிலை போட்டு அவித்த வேதுத் தண்ணி. நல்லெண்ணெயைச் சூடாக்கித் தலையிலிருந்து கால்வரை தேய்த்து, இடுப்பை உருவி, பழைய சேலையால் வயிற்றை இறுகக் கட்டுவார்கள். சரக்கு அரைத்துக் கொடுப்பார்கள். பிறகு பத்தியக் கறி. முருங்கைப் பிஞ்சும் சின்னச் சுறாவும். தமிழ்நாட்டில் இதற்குப் பிரசவ லேகியம், செலவு மருந்து என்று வேறு பெயர்கள். சித்த மருத்துவம் உடம்பைப் பிடித்துவிடுவதைத் தொக்கணம் என்று சொல்லி, தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இன்னும் பின்னுக்குப் போனால் சங்க இலக்கியம். பிள்ளை ஈன்ற அணிமைக்கென்றே 'புனிறு' என்ற தனிச் சொல் நம்மிடம் இருக்கிறது. நற்றிணையின் 40ஆம் பாட்டில் பிள்ளை பெற்ற வீடு ஒன்று வருகிறது. தாய்க்கு நெய்யும் வெண்சிறுகடுகும் பூசியிருக்கிறார்கள், வாசலில் மணி ஒலிக்கிறது, செவிலி பக்கத்தில் இருக்கிறாள். கணவன் இரவில் கள்வனைப்போல உள்ளே நுழைகிறான். பரத்தையிடம் இருந்து வருகிறவன் என்பதால் அப்படி. எண்ணெய்க் கை பெண்களிடம் இருந்த ஒரு வீட்டை அந்தப் புலவர் கண்டிருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தக் கை யாருடையது? அம்மாவுடையதோ அம்மம்மாவுடையதோ அல்ல. முதல் நாட்களின் பாரமான வேலையைச் செய்தவர் மருத்துவிச்சி. தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாவிதர் குடும்பத்துப் பெண்களே மருத்துவச்சிகள். அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயரே உண்டு. இரத்தமும் பனிக்குடத் தண்ணியும் தீட்டு என்று விலகி நின்றவர்கள், அந்தத் தீட்டைத் தொடுவதற்கென்று சிலரைப் பிறப்பாலேயே ஒதுக்கி வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இருட்டில் லாம்போடு போய் வண்டியில் ஏற்றிக் கூட்டி வருவார்கள். பிள்ளை பிறந்து வயிறு கட்டும்வரை அவர் சொன்னதுதான் சட்டம். வேலை முடிந்ததும் அரிசி, தேங்காய், ஒரு சேலை. கிணற்றில் அள்ளவும் விடமாட்டார்கள். தன்னைவிட இருபது வயது மூத்த அவரை அம்மம்மா 'நீ' என்றுதான் கூப்பிட்டார். இதைச் சொல்லாமல் பாட்டி வைத்தியப் பெருமை பேசினால் அது அரைக்கதை.

அடுத்து ஆஸ்பத்திரிகள் வந்த கதை. சென்னையில் பிரசவத்துக்கென ஆஸ்பத்திரி தொடங்கியது 1844இல். இன்றைய எழும்பூர் ஆஸ்பத்திரியின் ஆரம்பம் அது. யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்தது 1847இல். மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். அவருடைய முயற்சியில் 1857இல் மோன்செல் எழுதிய ஆங்கில நூல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் அச்சானது. கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இல் திறந்தது. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இணுவிலில் பெண்களுக்கான மிஷன் ஆஸ்பத்திரி வந்தது. இன்றைக்கு இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் சிலர் அங்கே பிறந்திருப்பீர்கள். 1926இல் சென்னை மாகாணத்தில் தாதியர் மருத்துவச்சிகள் சட்டம். அதே ஆண்டில் களுத்துறையில் இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு. அங்கிருந்து பயிற்சி பெற்ற குடும்பநல மருத்துவிச்சிமார் ஊர் ஊராகப் போகத் தொடங்கினார்கள்.

இதனால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்றைக்கு அது நாற்பதுக்கும் கீழே. கழுவாத கத்தியால் தொப்புள்கொடி வெட்டி ஏற்பு வந்து செத்த பிள்ளைகளின் கணக்கும் குறைந்தது. பழைய மருத்துவிச்சியின் கையில் அறிவும் இருந்தது, கிருமியும் இருந்தது. ஆனால் சட்டமும் ஆஸ்பத்திரியும் அவரிடமிருந்து பிள்ளை எடுக்கிற வேலையை வாங்கிக்கொண்டபோது, பிறகு எண்ணெய் தேய்க்கிற வேலையை யாருக்குக் கொடுப்பது என்று கேட்கவில்லை. அது வைத்தியமாகக் கணக்கில் வரவில்லை. வீட்டு வேலை ஆகிவிட்டது.

கத்தியின் கதையையும் பார்ப்போம். இறந்த தாயின் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுப்பது மிகப் பழையது. சுசுருதர் சொல்கிறார், ரோமச் சட்டம் சொல்கிறது, பிந்துசாரன் அப்படிப் பிறந்தான் என்று சமணக் கதை இருக்கிறது. ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்ததாகச் சொல்வது நம்பக்கூடியதல்ல. அவனுடைய தாய் பிறகும் பல காலம் உயிரோடு இருந்தாள். அந்தக் காலத்தில் வயிறு கீறப்பட்ட தாய் பிழைப்பது அருமையிலும் அருமை. ஆகவே பழைய எண்ணெய் முறை எதிலும் வயிறு கீறப்பட்ட தாய் இல்லை. அவளுக்கென்று ஒரு முறை உருவாக அவள் உயிரோடு இருந்தால்தானே.

ஒரு விதிவிலக்கு கிடைக்கிறது. 1879இல் றொபேட் பெல்கின் என்ற ஆங்கிலேயப் பயணி இன்றைய உகண்டாவில், பன்யோரோ நாட்டில், உள்ளூர் வைத்தியர் ஒருவர் உயிருள்ள தாயின் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுப்பதைக் கண்டு எழுதினார். வாழைப்பழ மதுவை மயக்கத்துக்கும் கை கழுவவும் பாவித்தார்கள். பிள்ளையை எடுத்தபின் அந்த வைத்தியர் கருப்பையைக் கையால் பிசைந்து சுருங்க வைத்தார். வயிற்றை இரும்பு ஊசிகளால் பொருத்தி வேர்ப் பசை பூசினார். தாய் தேறினாள். கத்தியும் கையும் ஒரே ஆளிடம் இருந்த அந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு.

ஐரோப்பாவில் 1847இல் குளோரோபோம் வந்தும் தாய்மார் இரத்தப்போக்காலும் சீழாலும் இறந்தார்கள். 1876இல் இத்தாலியில் பொறோ கருப்பையையே அகற்றித் தாயைக் காப்பாற்றினார். 1882இல் ஜேர்மனியில் மக்ஸ் சேங்கர் கருப்பையைத் தைக்க வேண்டும் என்று நிறுவினார். அதோடு தாய் பிழைக்கத் தொடங்கினாள். பெனிசிலின், இரத்தம் ஏற்றுதல், பிக்கினி வெட்டு எல்லாம் பிறகு. இன்று அவுஸ்திரேலியாவில் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி 39 சதவீதத் தாய்மாருக்கு இந்த முறையில் பேறு. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 45 சதவீதம். 1985இல் உலகச் சுகாதார நிறுவனம் 10இலிருந்து 15 போதும் என்றது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. இத்தனை தாய்மார் பெரிய சத்திரசிகிச்சை ஒன்று செய்துகொண்டு, அடுத்த நாளே ஒரு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களைத் தொட யார் இருக்கிறார்கள் என்பது மட்டுமே என் கேள்வி.

இதற்கு வேறு விதமாகவும் பதில் வந்திருக்கலாம் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 1894இல் லண்டனில் மசாஜ் என்ற பெயரில் விபசாரம் நடக்கிறது என்று பெரிய அவதூறு கிளம்பியது. உடம்பைத் தொடும் தொழிலே கெட்ட பெயர் எடுத்தது. அப்போது தாதியர் நான்கு பேர் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கத்தைத் தொடங்கினார்கள். தேர்வு வைத்தார்கள், விதிகள் எழுதினார்கள். அந்த நால்வரில் ஒருவர் றோசலின்ட் பேஜெற். அவர் மருத்துவிச்சியும்கூட, இங்கிலாந்தில் 1902இல் மருத்துவிச்சிகள் சட்டம் வர உழைத்தவர். அவுஸ்திரேலியாவில் 1906இல் மசாஜ் சங்கம் தோன்றியது. 1939இல் அதுவே பிசியோதெரபிச் சங்கம் என்று பெயர் மாறியது. நாங்கள் இன்றைக்கு மரியாதையோடு பிசியோ என்று சொல்கிறவர்களின் ஆதி, எண்ணெய்க் கைதான். அங்கே தொடும் தொழிலின் மேல் விழுந்த கறையைச் சங்கமும் சான்றிதழும் வைத்துக் கழுவினார்கள். எங்கள் மருத்துவிச்சிக்குச் சங்கம் வைக்க யாரும் வரவில்லை. பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டவர்களும் உண்டு; ஆனால் பெரும்பாலும் அவர் அழுக்கின் அடையாளமாகவே எழுதப்பட்டார். 1927இல் காதரின் மேயோவின் 'மதர் இந்தியா' அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

மலேசியாவில் இருந்து கேட்கிறவர்களுக்கு இன்னொரு வழி தெரிந்திருக்கும். அங்கே கிராமத்து பிடான்களை 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தார்கள். 2007இலிருந்து சில அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே பேறுகாலத்துக்குப் பிந்திய பாரம்பரிய மசாஜ் கொடுக்கிறார்கள். கையை வைத்துக்கொண்டே கிருமியை விலக்க முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

எண்ணெய் போனாலும் எண்ணெயின் புகழ் போகவில்லை. பிரெடெரிக் லெபோயே என்ற பிரெஞ்சுப் பிரசவ வைத்தியர் கல்கத்தாவில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் படமெடுத்து 1976இல் புத்தகமாக்கினார். அந்தத் தாயின் பெயரையே நூலுக்கு வைத்தார்: ஷாந்தலா. மேற்கு நாடுகளில் பிள்ளைக்கு மசாஜ் செய்யும் வழக்கம் பரவ அது ஒரு பெரிய காரணம். நல்லது. ஆனால் பிள்ளைக்குத் தேய்த்த அந்தத் தாய்க்கு யார் தேய்த்தார்கள் என்று அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும்.

2024இல் என் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அவளுக்கும் சீசர். இந்த முறை நான் பையைக் கட்டி ஆயத்தமாக இருந்தேன். நல்லெண்ணெய், மஞ்சள், காய்ந்த நொச்சி எல்லாம். எனக்குக் கிடைக்காததை அவளுக்குக் கொடுத்துத் தீர்ப்பது என்று நின்றேன். வீட்டுக்கு வந்த மறுநாள் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு போனேன்.

"அம்மா, வயித்தில கை வைக்காதேங்கோ."

"நான் மெதுவாத் தேய்க்கிறன், பிள்ளை. வயிறு உள்ள போக வேணுமெல்லோ."

"இது உங்கட மருத்துவிச்சியின்ர காலத்து வயிறில்லை, அம்மா. உள்ளுக்குத் தையல் கிடக்கு."

கோபம் வந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். பிறகு யோசித்தேன். அவள் சொன்னது சரி. தோல், கொழுப்பு, தசைக்கு மேலுள்ள உறை, வயிற்றின் உள்சவ்வு, கருப்பை என்று அடுக்கடுக்காக வெட்டுகிறார்கள். வயிற்றுத் தசையை மட்டும் நடுவால் விலக்குகிறார்கள். மேல்தோல் இரண்டு கிழமையில் ஒட்டினாலும் உள்ளே உறை பலம் பெற மாதங்கள் ஆகும். அந்த வயிற்றை உருவுவதும், இறுக்கிக் கட்டுவதும், கொதிக்கக் கொதிக்கத் தண்ணி அடிப்பதும், காயத்தில் எண்ணெய் விடுவதும் கூடாது. இன்னொன்று, சத்திரசிகிச்சைக்குப் பின் காலில் இரத்தம் கட்டியாகலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சுட்டு, நோகிறது என்றால் அதைப் பிடித்துவிடவே கூடாது. உடனே வைத்தியரிடம் போக வேண்டும். என் அம்மாவின் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது.

நாங்கள் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அவளுடைய மருத்துவிச்சியிடம் கேட்டுக்கொண்டு பாதம், கை, தோள், கழுத்து என்று தொடங்கினேன். அவள் ஒருக்களித்துப் படுப்பாள், முதுகுக்குத் தலையணை. பால் கொடுத்துக் கொடுத்துத் தோள் இரண்டும் கல்லாக இருந்தன. ஈரானிலும் துருக்கியிலும் சிசேரியன் தாய்மாருக்குக் கையையும் பாதத்தையும் தேய்த்துவிட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். நோ குறைந்ததாகக் கண்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி, மூன்றாம் நாள் என் கையிலேயே அவள் நித்திரையாகிப் போனது.

ஆறு கிழமை கழித்துக் காயம் நன்றாக மூடிய பின்னர் பிசியோ ஒரு பெண் தழும்பைத் தேய்க்கப் பழக்கினார். முதலில் தழும்புக்குத் தூரத்தில். பிறகு இரண்டு விரலால் மெல்லச் சுற்றி, மேலும் கீழும். உள்ளே அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகாமல் இருக்க என்றார். மகள் முதலில் கையை எடுத்துவிட்டாள். உணர்ச்சியே இல்லை, வேறு யாருடையதோ உடம்பு மாதிரி இருக்கிறது என்றாள். பிசியோ அவசரப்படுத்தவில்லை. பல பெண்கள் இப்படிச் சொல்வார்கள் என்றார். நான் மூலையில் பேரனை வைத்துக்கொண்டு இருந்தேன். அன்றிரவு அறைக் கதவைச் சாத்திவிட்டு, 28 வருடமாகத் தொடாத என் தழும்பில் இரண்டு விரல் வைத்தேன். ஒன்றும் அவிழவில்லை.

இந்த உரைக்கு ஆயத்தம் செய்யும்போது யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பொறோ, சேங்கர், பேஜெற் என்று இவ்வளவு பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். எங்களை எல்லாம் எடுத்த மருத்துவிச்சியின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"அம்மா, என்னையும் தம்பியையும் எடுத்த மருத்துவிச்சியின்ர பேர் என்ன?"

"மருத்துவிச்சி எண்டுதான் கூப்பிடுறது."

"அது தெரியும். பேர்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்ர ரெண்டு பேறுக்கும் அவதான் வந்தவ. முப்பது நாளும் என்ர காலைப் பிடிச்சு விட்டவ. பேர் கேக்கேல்லையே, பிள்ளை."

அம்மா 'அவ' என்றதைக் கவனித்தேன். அம்மம்மா அப்படிச் சொன்னதில்லை.

இதைக் கேட்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே கேளுங்கள். மூலிகைப் பட்டியலைக் கேட்க முன்னர் மருத்துவிச்சியின் பெயரைக் கேளுங்கள். எந்த ஊர், யார் மகள், எத்தனை பிள்ளை எடுத்தார் என்று எழுதி வையுங்கள். பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி உங்கள் தெருவில் தாய் தகப்பன் இல்லாமல் இருந்தால், சாப்பாட்டுப் பெட்டியோடு போகிறபோது கொஞ்ச நேரம் இருந்து, கேட்டுக்கொண்டு, அவளுடைய காலைப் பிடித்து விடுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பேரன் எழும்புமட்டும் இருக்கிறேன்.